பாட்டுக்கு நடுவே போன் குறுக்கிடாமல் இருக்க: வீட்டு விசேஷத்துக்கும் அன்றாடத்துக்கும்

மட்டக்களப்புப் பக்கம் சின்ன விசேஷங்களுக்கு இப்போது பாட்டுப் போடுவது பெரும்பாலும் யாராவது ஒருவரின் போன்தான். சாமத்திய வீடோ, புது வீடு குடிபுகுதலோ, பிள்ளையின் பிறந்தநாளோ, ஒரு புளூடூத் ஸ்பீக்கரும் அதோடு இணைத்த போனும் இருந்தால் காரியம் முடிந்தது. பெண்ணை மனைக்கு அழைத்து வரும் நேரம் பார்த்து "டிங்" என்று ஒரு மெசேஜ் சத்தம் வரும். நாதஸ்வரம் அமுங்கி மறுபடி எழும்பும். அடுத்து யாரோ பந்தலுக்கு வழி கேட்டு கோல் எடுப்பார். பாட்டு முழுதாக நின்று, ரிங்டோன் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில் போன்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் பாட்டுப் போடும் வேலை வழமையாக என் தலையில்தான் விழும். பட்டுத் தெரிந்தவற்றைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன். அன்றாடம் பாட்டோ பேச்சோ கேட்பவர்களுக்கு முதல் ஐந்து படிகளே போதும். விசேஷத்துக்குப் போடப் போகிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

1. எந்தச் சத்தம் குறுக்கிடுகிறது என்று பாருங்கள்

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல, அடக்கும் வழியும் ஒன்றல்ல. மெசேஜ் வந்தால் பாட்டு ஓரிரு நொடி அமுங்கும். கோல் வந்தால் முழுதாக நிற்கும். வட்ஸ்அப் குரல் மெசேஜைத் திறந்தாலும், பேஸ்புக்கில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கினாலும் பாட்டு நிற்கும். சில ஆப்களில் அது தானாகத் திரும்பித் தொடங்காது.

காரணம் எளிது. ஒரு ஆப் சத்தம் போட வேண்டுமென்றால் போனிடம் அதற்கான உரிமையைக் கேட்கிறது. ஒரு கணத்துக்கு மட்டும் கேட்டால் போன் பாட்டின் சத்தத்தைக் குறைத்து வழிவிடும். முழுதாகக் கேட்டால் பாட்டையே நிறுத்திவிடும். 2017-ல் வந்த அன்ட்ரொயிட் 8 முதல் இந்தக் குறைக்கும் வேலையைப் போனே பார்த்துக்கொள்கிறது. அதனால் பாட்டு ஆப்பை மாற்றிப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. குறுக்கே வரும் ஆப்பைத்தான் அடக்க வேண்டும்.

இவை தவிர சின்னச் சத்தங்களும் உண்டு: சார்ஜர் குத்தும்போது வரும் ஒலி, திரையைப் பூட்டும் "கிளிக்", விசைப்பலகையைத் தொடும் ஒலி, கோல் வரும்போது ஆளின் பெயரை வாசிக்கும் குரல். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குள் போய், அடியில் உள்ள சிஸ்டம் சத்தங்களை ஒவ்வொன்றாக நிற்பாட்டுங்கள். கரண்ட் வந்து வந்து போகிற நாளில் சார்ஜிங் சத்தம் ஒன்றே போதும், ஆளைப் பைத்தியமாக்க. பெயர் வாசிக்கும் குரலை நிற்பாட்ட போன் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

2. எந்த அழைப்பு வந்தே ஆக வேண்டும் என்று முடிவெடுங்கள்

இதை யோசிக்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக அடைத்துவிட்டுப் பிறகு திட்டு வாங்குகிறவர்கள் பலர். மகனோ கணவரோ கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ இருக்கிற வீடுகள் இங்கே நிறைய. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். டுபாய் என்றால் ஒன்றரை மணித்தியாலம். அங்கே பகல் 12 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை என்றால் கட்டாரிலிருந்து வரும் கோல் இங்கே பின்னேரம் 2.30-க்கு வரும். இரவு 8 மணிக்கு வேலை முடிந்து எடுத்தால் இங்கே 10.30. போனை அமைதியாக்கும் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேண்டிய ஆட்களை, அதிகம் போனால் நாலைந்து பேரை, கொன்டாக்ட்ஸில் நட்சத்திரம் குத்தி வையுங்கள். பிறகு, சத்தங்களை ஒரேயடியாக அடக்கும் டூ நொட் டிஸ்டர்ப்பில் (நாலாம் படியில் வரும்) அவர்களை மட்டும் விதிவிலக்காக விடச் சொல்லலாம். ஆனால் ஒன்று: அந்த விதிவிலக்கு சிம் வழியாக வரும் கோலுக்குச் சரியாக வேலை செய்யும். வட்ஸ்அப், இமோ கோல்களுக்கும் அப்படியே வேலை செய்யும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கோல் அவற்றில்தானே வருகிறது? அந்த ஆப்பையே விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்து, அதற்குள் மெசேஜ் சத்தத்தை மட்டும் நிற்பாட்டுங்கள். எப்படி என்பது அடுத்த படியில்.

3. சத்தம் போடும் ஆப்களை ஒவ்வொன்றாக அடக்குங்கள்

காலையில் சமைத்துக்கொண்டே பாட்டுக் கேட்பவருக்கும், கல்முனை பஸ்ஸில் காதில் ஹெட்செட்டோடு போகிறவருக்கும் இந்தப் படிதான் முக்கியம். போனை முழுதாக ஊமையாக்கத் தேவையில்லை.

ஒரு நோட்டிபிகேஷன் வந்ததும் அதைத் தட்டிவிடாதீர்கள். அதன் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். "சைலன்ட்" என்று ஒரு தெரிவு வரும். அதைக் குத்தினால் அந்த வகை நோட்டிபிகேஷன் இனிமேல் பட்டியலில் வந்து நிற்கும், சத்தம் போடாது. அன்ட்ரொயிட்டில் ஒரே ஆப்புக்குள் பல வகைகள் இருக்கும். விளம்பரத்தை ஊமையாக்கிவிட்டு, பணம் வந்த அறிவிப்பைச் சத்தத்தோடு வைத்திருக்கலாம். கடை ஆப், கிரிக்கெட் ஸ்கோர், கேம் எல்லாவற்றையும் இப்படி அடக்க ஒரு பின்னேரம் போதும். புதிதாக ஆப் போடும்போது நோட்டிபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அன்ட்ரொயிட் 13-லிருந்து அந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

வட்ஸ்அப்பில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று குழுக்கள். பள்ளி பெற்றோர் குழு, பழைய மாணவர் குழு, கோயில் குழு, காலை வணக்கப் படம் போடும் குடும்பக் குழு: ஒவ்வொன்றையும் திறந்து மியூட் செய்யுங்கள். எட்டு மணித்தியாலம், ஒரு கிழமை, எப்போதும் என்று மூன்று தெரிவு வரும். "எப்போதும்" என்பதைக் குத்தினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இரண்டாவது, வட்ஸ்அப் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதியின் மேலேயே இருக்கும் "கொன்வெர்சேஷன் டோன்ஸ்". நீங்கள் வட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருக்கும்போது மெசேஜ் போகவும் வரவும் "பிளிப்" என்று கேட்பது இதுதான். பலர் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள்.

வான் ஓட்டுகிறவர்களுக்கு: கூகுள் மப்ஸ் வழி சொல்லும் ஒவ்வொரு முறையும் பாட்டு அமுங்கும். தெரிந்த வழியென்றால் வரைபடத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் குத்திக் குரலை அடைத்துவிடுங்கள். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரே கடற்கரை வீதி. அதற்கு என்ன குரல் வேண்டிக் கிடக்கிறது?

தொழுகை நேரம் சொல்லும் ஆப் வைத்திருப்பவர்கள் அதை இந்தப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. பாங்கு நேரத்தில் பாட்டு நிற்பதுதான் அவர்களுக்கும் விருப்பம்.

4. டூ நொட் டிஸ்டர்ப்: போட்டால் மட்டும் போதாது

திரையை மேலிருந்து கீழே இழுத்தால் வரும் கட்டங்களில் இது இருக்கும். காணவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரை எழுதுங்கள்; ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. போட்டவுடன் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். உள்ளே நாலு பொறி இருக்கிறது.

முதலாவது, திரும்பத் திரும்பக் கோல் எடுப்பவர். ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை எடுத்தால் அவசரம் என்று நினைத்து அன்ட்ரொயிட் மணி அடிக்க விடும். நம் ஆட்கள் முதல் கோல் எடுபடவில்லை என்றால் உடனே அடுத்ததைத்தான் போடுவார்கள். "ரிப்பீட் கோலர்ஸ்" என்பதை நிற்பாட்டுங்கள்.

இரண்டாவது, அலாரம். வழமையாக டூ நொட் டிஸ்டர்ப் அலாரத்தை விட்டுவிடும். முகூர்த்த நாளன்று விடியப்புறம் எழும்ப வைத்த அலாரம், "ஸ்நூஸ்" போட்டது, இன்னொன்று ஐயரை நினைவுபடுத்த வைத்தது என்று போனில் வரிசையாக இருக்கும். பிளைட் மோடில் போட்டாலும் அலாரம் அடிக்கும். முதல் நாள் இரவே அலாரப் பட்டியலைத் திறந்து அன்றைக்குத் தேவையில்லாதவற்றை அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, "மீடியா". விதிவிலக்குப் பட்டியலில் மீடியா சத்தத்துக்கு ஒரு ஆளி இருக்கும். அது அணைந்திருந்தால் பாட்டும் சேர்ந்து ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் பழுது, வயர் பழுது என்று பந்தல் முழுக்க ஓடித் திரிந்த பிறகுதான் இது தெரியவரும். முழு அமைதி என்று ஒரு நிலை சில போன்களில் உண்டு. அதையும் தொடாதீர்கள், அதிலும் பாட்டு போய்விடும்.

நாலாவது, நேர அட்டவணை. யாரோ முன்பே இரவு 10 முதல் காலை 6 வரை என்று வைத்திருந்தால், காலை 6 மணிக்கு அது தானாக விலகிவிடும். விடியற்காலை முகூர்த்தத்துக்கு இது சரியான ஆப்பு.

சில போன்களில் டூ நொட் டிஸ்டர்ப் போட்டும், கோல் வரும்போது மணி அடிக்காமல் பாட்டு மட்டும் ஒரு கணம் நின்று ஓடும். உங்கள் போன் எப்படி என்று சோதித்துத்தான் அறிய வேண்டும்.

5. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

பக்கத்தில் உள்ள சைலன்ட் ஆளியைத் தள்ளினால் மெசேஜ் சத்தமும் ரிங்டோனும் அடங்கும், பாட்டு ஓடும். ஆனால் கோல் வந்தால் அது போதாது. செட்டிங்ஸில் "போகஸ்" என்ற பகுதிக்குள் டூ நொட் டிஸ்டர்ப் இருக்கிறது. 2021-ல் வந்த ஐஓஎஸ் 15 முதல் அங்கேதான். உள்ளே போய், யாருடைய கோலை விடுவது என்று தெரிவு செய்யுங்கள். இங்கே இரண்டாம் முறை எடுப்பவரை விடும் கணக்கு மூன்று நிமிடம். அதையும் அணையுங்கள். எயார்பொட்ஸ் போடுகிறவர்கள் மெசேஜை வாசித்துச் சொல்லும் "அனவுன்ஸ் நோட்டிபிகேஷன்ஸ்" என்பதையும் நிற்பாட்டுங்கள்.

6. ஸ்பீக்கர் பக்கமும் பாருங்கள்

போனைச் சரிசெய்தவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சில ஸ்பீக்கர்கள் ஒரே நேரத்தில் இரண்டு போனோடு இணைந்திருக்கும். நேற்று மருமகன் தன் போனை இணைத்துப் பார்த்திருப்பார். இன்று அவர் பந்தலுக்குள் நுழைந்ததும் அவருடைய போன் தானாக இணைந்து, அவருடைய கிரிக்கெட் வீடியோ சத்தம் உங்கள் ஸ்பீக்கரில் வரும். ஸ்பீக்கரின் பழைய இணைப்புகளை அழித்துவிட்டு உங்கள் போனை மட்டும் புதிதாக இணையுங்கள். பல ஸ்பீக்கர்களில் புளூடூத் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அழிந்துவிடும்.

போனின் புளூடூத் பட்டியலில் ஸ்பீக்கரின் பெயருக்குப் பக்கத்தில் பல்சக்கரம் போல ஒரு படம் இருக்கும். அதைத் திறந்தால் கோலுக்கு ஒரு ஆளி, மீடியாவுக்கு ஒரு ஆளி. கோலை அணைத்தால், கதைக்கும் குரல் ஸ்பீக்கரில் வராது. குடும்ப விசயம் ஊருக்குப் போகாமல் இருக்க இதையாவது செய்துவிடுங்கள்.

சம்சுங் போனில் இன்னொரு நல்ல வசதி உண்டு. சவுண்ட் பகுதியில் "செப்பரேட் அப் சவுண்ட்" என்பதைத் திறந்து, பாட்டு ஆப்பை மட்டும் புளூடூத்துக்கு அனுப்பச் சொல்லலாம்; மற்ற ஆப்களின் சத்தமெல்லாம் போனிலேயே கேட்கும். இருந்தும் கவனிக்காமல் பல பேர் இருக்கிறார்கள்.

"பட்டரி லோ" என்று ஒரு பெண் குரல் பாட்டுக்கு நடுவில் வந்தால் போனைக் குற்றம் சொல்லாதீர்கள். அது ஸ்பீக்கரின் சொந்தக் குரல். சார்ஜரில் குத்தி வைத்தே போடுங்கள்.

7. விசேஷத்துக்கு என்றால் சிம் இல்லாத போன், இல்லாவிட்டால் பென் டிரைவ்

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுப் பாவனைக்கு. தாலி கட்டும் நேரத்துக்கோ ஆரத்தி எடுக்கும் நேரத்துக்கோ அதை நம்பி நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு வீட்டிலும் திரை கொஞ்சம் வெடித்த ஒரு பழைய போன் அலுமாரிக்குள் கிடக்கும். அதன் சிம்மை எடுத்துவிடுங்கள், வைபையை அணையுங்கள், பிளைட் மோடில் போட்டுவிட்டுப் புளூடூத்தை மட்டும் திரும்பப் போடுங்கள். பாட்டைத் தவிர எதுவும் வராது. செலவு ஒரு சதமும் இல்லை.

பழைய போன் இல்லை, உங்கள் போனைத்தான் பாவிக்க வேண்டும் என்றால் முதலில் கோல்களை வேறொரு போனுக்குத் திருப்பிவிடுங்கள். **21* போட்டு, திருப்ப வேண்டிய இலக்கத்தை எழுதி, # போட்டு டயல் செய்ய வேண்டும். பிறகு பிளைட் மோடில் போட்டாலும் உங்களுக்கு வரும் கோல் தங்கச்சியின் போனுக்கோ யாருடையதுக்கோ போய்விடும். திரும்பிப் போகும் ஒவ்வொரு கோலுக்கும் காசு உங்கள் கணக்கில்தான் வெட்டுப்படும், ரீலோட் போட்டு வையுங்கள். வட்ஸ்அப் கோல் இப்படித் திரும்பாது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் நல்லது பென். யூஎஸ்பி ஓட்டை உள்ள ஸ்பீக்கரோ அம்பிளிபயரோ என்றால் எம்பி3 பாட்டுகளைப் பென்னில் ஏற்றிக் குத்திவிடுங்கள், போனே தேவையில்லை. பென்னை முதலில் "பட்32" முறையில் போர்மட் செய்யுங்கள். வேறு முறையில் இருந்தால் பல ஸ்பீக்கர்கள் வாசிக்காது. பாட்டு வரிசை மாறாமல் இருக்கக் கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02, 03 என்று எண் போடுங்கள். சில பெட்டிகள் பெயர் வரிசையைப் பார்க்காமல் ஏற்றிய வரிசையில் ஓட்டும், ஆகவே எண் வரிசைப்படியே ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். கெட்டிமேளத்தைத் தனி ஃபோல்டரில், முடிந்தால் தனிப் பென்னில் வையுங்கள். அதைத் தேடி நிற்க அந்த நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது.

போனை வயரில் இணைக்க விரும்பினால், இப்போதைய பல போன்களில் ஹெட்செட் ஓட்டை இல்லை. டைப் சி பின்னிலிருந்து மாற்றும் சின்ன வயர் ஒன்று கொமியூனிகேஷன் கடைகளில் வாங்கலாம். கடையிலேயே உங்கள் போனில் குத்திப் பாட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். எல்லா வயரும் எல்லாப் போனுக்கும் ஒத்துவராது.

8. பாட்டை முன்கூட்டியே இறக்குங்கள்

யூடியூபை நேரடியாக ஓட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். விளம்பரம் வரும், திரை அணைந்தால் பாட்டு நிற்கும், படுவான்கரைப் பக்கம் சில ஊர்களில் சிக்னலும் சரியாக நிற்காது. ஸ்பொட்டிபையில் பாட்டை இறக்கி வைக்க பிரீமியம் கட்ட வேண்டும். கட்டியிருந்தாலும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்காவிட்டால் இறக்கியது ஓடாது. பழைய போனில் ஏற்றி மாதக்கணக்கில் வைத்தவர்கள் கவனிக்க.

இடம் எவ்வளவு வேண்டும்? 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. நாலு மணித்தியாலப் பாட்டுக்கு முதலாவதில் சுமார் 230 எம்பி, இரண்டாவதில் சுமார் 580 எம்பி. எந்தப் பழைய போனிலும் பிடிக்கும்.

இன்னொன்று, திரை அணைந்து சில நிமிடத்தில் பாட்டு ஆப்பையே போன் மூடிவிடுகிறதா? அது நோட்டிபிகேஷன் இல்லை, பட்டரியை மிச்சம் பிடிக்கும் வேலை. அந்த ஆப்பின் பட்டரி செட்டிங்கில் கட்டுப்பாடு வேண்டாம் என்று போடுங்கள்.

9. ஒலிபெருக்கி என்றால் பொலிஸ் அனுமதி

வீட்டுக்குள் சின்ன ஸ்பீக்கர் போடுவது வேறு. பந்தலில் பெட்டி கட்டித் தெருவுக்குக் கேட்கப் போடுவதென்றால் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி கிடைக்காது. திகதி, இடம், தொடங்கும் முடியும் நேரம் எழுதிய கடிதத்தோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் முதல் கிழமையே ஒருக்கால் போய், வேறென்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். கடைசி நாள் ஓடினால் பொறுப்பதிகாரி வெளியில் போயிருப்பார். கிடைத்த அனுமதியைப் படம் எடுத்துப் போனில் மட்டும் வைக்காதீர்கள், அந்தப் போன்தான் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும். மூலத்தாளை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள்.

10. ஒத்திகை

முதல் நாள் பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். பாட்டைப் போட்டுவிட்டு ஒரு தம்பியைப் பிடித்து இதையெல்லாம் செய்யச் சொல்லுங்கள்: எஸ்எம்எஸ் ஒன்று, வட்ஸ்அப் மெசேஜ் ஒன்று, குரல் மெசேஜ் ஒன்று, அடுத்தடுத்து இரண்டு கோல், வட்ஸ்அப் கோல் ஒன்று. நீங்கள் இரண்டு நிமிடத்தில் அடிக்கும்படி ஒரு அலாரம் வையுங்கள், சார்ஜரைக் கழற்றிக் குத்துங்கள். எதிலாவது பாட்டு அசைந்தால் அந்த இடத்துக்கான படிக்குத் திரும்பிப் போங்கள். பிறகு போனை ஸ்பீக்கரிலிருந்து பத்து மீற்றருக்குள் வைத்து, இடையில் ஆட்கள் நின்றாலும் அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். கூட்டம் கூடினால் புளூடூத்தின் தூரம் குறையும்.

அன்று போனை யாரிடமும் "கொஞ்சம் தாங்க" என்று கொடுக்காதீர்கள். படம் எடுக்கவென்று வாங்கி, ஐந்தாவது நிமிடம் ரீல்ஸ் பார்ப்பார்கள்.

11. முடிந்த பிறகு

ஆட்கள் சாப்பிடப் போனதும் மறக்காமல் செய்ய வேண்டியவை: பிளைட் மோடை எடுங்கள், டூ நொட் டிஸ்டர்ப்பை அணையுங்கள், முதல் நாள் அணைத்த அலாரங்களைத் திரும்பப் போடுங்கள். கோல் திருப்பியிருந்தால் ##21# டயல் செய்து நீக்குங்கள். இதை மறந்தால் உங்கள் கோலெல்லாம் தங்கச்சிக்குப் போய்க்கொண்டே இருக்கும், காசும் உங்களிடமே வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் இரவல் வாங்கியது என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் உங்கள் போனின் இணைப்பை அழித்துவிடுங்கள்.